கொடுத்தது கொடுத்தபடி

பாரீஸ் புறநகர்
3.9.2007

அன்பு நாத்தனார் துர்காவுக்கு,

அண்ணி சுமலதா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது, எனக்கு மூக்கடைப்பு, மற்றபடி குறையில்லை. அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் அத்தைக்குக் கேட்பதில்லை. நான் கத்தினால் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி சுவரைத் தட்டுகிறாள். அதனால்தான் கடிதம்.

வக்கான்ஸ் லீவுக்கு ஊருக்கு வருகிற இராமதாஸிடம் உன் அண்ணனின் பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் புதிது வாங்கிவிட்டோம். இது ஒரே மந்தம். குப்பையில் போடத்தான் எடுத்து வைத்தேன். இந்த ஊரில் குப்பை போடவும் நாள் குறித்து, இடம் கேட்டு, தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நீ ஏதோ கம்ப்யூட்டர் படித்தாய் அல்லவா? பொழுது போகும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழசானாலும் அது எங்கள் பொருள். விற்றுவிடாதே, யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. நாங்கள் எப்போது கேட்டாலும் கொடுத்தது கொடுத்தபடி இருக்க வேண்டும். கூடவே ஒரு பிஸ்கட் டப்பாவும் வருகிறது. அத்தைக்குச் சர்க்கரை, கண்ணில் காட்டாதே.

உன் அண்ணனுக்கு எழுத நேரமில்லை. விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்
அண்ணி சுமலதா


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
20.9.2007

பாக்கியம் அக்காவுக்கு,

உன் சித்தி மகள் துர்கா, உடம்பில் நல்ல சுகத்தோடும் மனசில் துளி சுகமில்லாமலும் எழுதுவது. மாமாவும் பிள்ளைகளும் நலம்தானே? காரைக்காலில் மழை உண்டா? எங்கள் வீட்டு போன் அம்மா தலைமாட்டில் இருக்கிறது. இதையெல்லாம் அதில் பேச முடியாது.

பிரான்சிலிருந்து எனக்குச் சீர் வந்திருக்கிறது அக்கா. குப்பையில் போடச் சோம்பல்பட்டு அண்ணி எனக்கு அனுப்பிய லேப்டாப். மூடி ஒரு பக்கம் உடைந்து கறுப்பு டேப்பில் தொங்குகிறது. பேட்டரி செத்துப்போய், ஒயரைப் பிடுங்கினால் கண்ணை மூடிவிடுகிறது. பட்டனைத் தட்டிவிட்டு உலை வைத்தால், சோறு வடித்து இறக்கினாலும் அது இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே விசிறி ஒப்பாரி வைக்கிறது. இதெல்லாம் போதாதென்று பிரெஞ்சுக்காரன் கீபோர்டு. Q இருக்க வேண்டிய இடத்தில் A உட்கார்ந்திருக்கிறது, M எங்கோ ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது. தலையில் கோடு போட்ட எழுத்தெல்லாம் நம்பர் வரிசையில் நிற்கிறது.

"ஏதோ கம்ப்யூட்டர் படித்தாய் அல்லவா" என்று எழுதியிருக்கிறாள். அந்த "ஏதோ"வைப் படித்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் ஆறும். பி.சி.ஏ. முடித்து, காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் எம்.சி.ஏ.வுக்கு இடம் கிடைத்து, கடிதமும் கைக்கு வந்தது. அதே மாதம் அண்ணனுக்கு விசா வந்தது. "நீ காலாப்பட்டுக்கும் வூட்டுக்கும் அலைஞ்சினு இருந்தா அம்மாவ யாரு பாக்கறது? நான் போய் செட்டில் ஆவறேன். அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவர்தான். வருஷா வருஷம் கேட்டால் "பாத்துக்கலாம்". நானும் கேட்பதை விட்டுவிட்டேன். போன வருஷம் லீவில் வந்தவர் அண்ணியின் தம்பி அஜித்தை எஞ்சினியரிங் சேர்க்க வெயிலில் வரிசையில் நின்றார். தாகத்துக்கு அவனுக்கு நன்னாரி சர்பத் வேறு வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பாத்துக்கலாம், மச்சானுக்குப் பாத்தாச்சு.

அக்கா, நான் முடிவு செய்துவிட்டேன். அவர்கள் வீட்டுக் குப்பையை வைத்தே அடுத்த ஜூலையில் காலாப்பட்டுக்குப் படிக்கப் போவேன். அதைக் கேட்டு அண்ணன் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் தினமும் பத்துப் பேரின் மெஷினைப் பிரித்துச் சேர்க்கிறவள், இதை விடுவேனா?

கோபம் ஆறாத
துர்கா


காரைக்கால்
2.10.2007

அடியே கோவக்காரி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மாமாவுக்குத்தான் பல்வலி, ஒரு வாரமாக வீடு நிம்மதியாக இருக்கிறது. சித்திக்கு மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறாயா, இல்லை கோபத்தில் அதையும் மறந்துவிட்டாயா?

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "வைத்திக்குப்பம் கடக்கரையில போய்க் கடாசிட்டு வரச் சொல்லு, போட்டுக்கு நங்கூரமா ஆவும்" என்றார். அவர் கிடக்கிறார். கடலில் போட்டால் சுமலதாவுக்கு என்ன வலிக்கப் போகிறது? அது ஓட வேண்டும், ஓடுவது அவள் காதில் விழ வேண்டும். அதுதான் வலிக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஜெயிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு அதுதான் வராது.

உன் அக்கா
பாக்கியம்


முத்தியால்பேட்டை
16.12.2007

பிரியமுள்ள அண்ணிக்கு,

துர்கா வணக்கத்தோடு எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? வெந்நீரில் நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தால் கேட்கும், அங்கே நொச்சிக்கு எங்கே போவீர்கள்!

நீங்கள் அன்போடு அனுப்பிய லேப்டாப் பற்றிச் சொல்லவே எழுதுகிறேன். மந்தம் என்று எழுதியிருந்தீர்கள். பிரித்துப் பார்த்தேன். விசிறியை அடைத்துக்கொண்டு கம்பளி நூலும் தூசியும் ஒரு கைப்பிடி இருந்தது. மூச்சு விட வழியில்லாமல் கொதித்திருக்கிறது, பாவம். துடைத்து, சூடு தணிக்கிற பசையைப் புதிதாகத் தடவினேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ராம் மெமரி கூடுதலாக வாங்கிப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் புதிது, பேட்டரியும் புதிது. விண்டோஸைச் சுத்தமாக ஏற்றினேன். திறந்தவுடன் தானாக வந்து குந்திக்கொள்கிற வேண்டாத சாப்ட்வேரையெல்லாம் விரட்டியாயிற்று. மூடிக்கு ஸ்க்ரூ போட்டு டேப்பை எடுத்துவிட்டேன்.

இப்போது தட்டினால் திறக்கிறது அண்ணி. பிரவுசிங் சென்டரில் இருக்கும் புது மெஷின்கூட இதற்கு நிகரில்லை என்கிறார்கள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றுதான் எழுதினேன்.

பிஸ்கட் தீர்ந்துவிட்டது, டப்பா உபயோகமாக இருக்கிறது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்
துர்கா


முத்தியால்பேட்டை
24.2.2008

அக்கா,

நாங்கள் நலம். நீ அனுப்பிய கருவாடு அம்மாவுக்கு அமிர்தமாகிவிட்டது. உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னால், "டாக்டரே வந்து ஆக்கிப் போடட்டும்" என்கிறாள்.

நீ வாயை மூடச் சொன்னாய். ஒரே ஒரு கடிதத்தில் திறந்துவிட்டேன். அண்ணிக்குப் பெருமை அடித்து எழுதிவிட்டேன். திட்டாதே. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த வயிற்றெரிச்சல், ஒரு கவரிலாவது போட்டு ஒட்டாமல் எப்படி இருப்பேன்? பதில் வரவில்லை. வராததே எனக்கு இனிக்கிறது.

இப்போது நல்ல சேதி கேள். அந்தப் பிரெஞ்சுக் கீபோர்டைப் பார்த்துச் சிரித்தேனே, அதுதான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது. காலாப்பட்டில் பிரெஞ்சில் ஆய்வு செய்கிறவர்கள் டைப்புக்கு எங்கே போனாலும், தலையில் கோடு போட்ட எழுத்துக்குக் கடைக்காரர்கள் திணறுகிறார்கள், பாதியை விட்டுவிடுகிறார்கள். என்னிடம் ஒரு விரல் தட்டினால் விழுகிறது. எனக்குப் பிரெஞ்சில் 'மெர்சி'க்கு மேல் தெரியாது, ஆனால் பார்த்தது பார்த்தபடி அடித்துக் கொடுப்பேன். ஒருவர் சொல்லி ஒருவர் என்று வீட்டு வாசலில் செருப்பு குவிகிறது. பிரவுசிங் சென்டர் வேலையை விட்டுவிட்டேன். A எங்கே, Q எங்கே என்று விரல் யோசிப்பதே இல்லை.

எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பீஸ் கட்ட இந்த மெஷின் போதும். ஜூன் வரைக்கும் இது ஓடினால் போதும் அக்கா, வேறெதுவும் வேண்டாம்.

கழற்றிய பழைய சாமானெல்லாம் அண்ணியின் பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கிறது. பழைய ராம், பழைய ஹார்ட் டிஸ்க், செத்த பேட்டரி, எல்லாம். "கொடுத்தது கொடுத்தபடி" என்று உத்தரவு போட்டாளே, எறிய மனசு வரவில்லை.

உன்
துர்கா


பாரீஸ் புறநகர்
7.4.2008

துர்காவுக்கு,

அண்ணியின் ஆசி. இங்கே சுகம். உன் டிசம்பர் கடிதம் கிடைத்தது, வேலை மிகுதியால் பதில் போடவில்லை. மோன் தியூ, எவ்வளவு சாமர்த்தியம் உனக்கு! உன் அண்ணன் படித்துப் படித்துச் சிரித்தார்.

விஷயம் என்னவென்றால், நம் அஜித்துக்குக் காலேஜில் லேப்டாப் அவசியம் என்கிறார்கள். பையன் கூடப் படிக்கிறவர்கள் எல்லோரிடமும் இருக்கிறதாம். புதிதாக வாங்கலாம் என்று இருந்தோம். நீதான் புதிதைவிட நன்றாக ஓடுகிறது என்று எழுதிவிட்டாயே, பிறகு எதற்கு வீண் செலவு? மே மாதம் அஜித் வந்து வாங்கிக்கொள்வான். அதைக் கொடுத்துவிடு.

உனக்கு டைப் அடிக்கத்தானே, கடையில் அடித்துக்கொள்ளலாம். அவனுக்குப் படிப்பு. நீ புரிந்துகொள்வாய் என்று உன் அண்ணனும் சொன்னார்.

அத்தையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். அது உன் பொறுப்பு.

சுமலதா


முத்தியால்பேட்டை
19.4.2008

அக்கா,

யார் நலம், யார் சுகம் என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள். அண்ணியின் கடிதத்தை இத்தோடு வைத்திருக்கிறேன், படித்துவிட்டு அடுப்பில் போடு.

படித்தாயா? "அவனுக்குப் படிப்பு." திரும்பவும் அதே அஜித். என் பங்குக்கு வந்தது குப்பை. அந்தக் குப்பையை நான் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் அதுவும் அவனுக்கு. நுழைவுத் தேர்வில் பாஸ் ஆகியிருக்கிறேன், இன்னும் பீஸ் கட்டவில்லை. கையில் மூன்று பேருடைய ஆய்வேடு பாதியில் நிற்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "குடுத்துடுடி. அவங்க பொருள், அவங்க கேக்கறாங்க. நமக்கு என்னாத்துக்கு வம்பு?" என்றாள். நானும் ராத்திரியெல்லாம் புரண்டு, விடிந்து எழுந்ததும் அம்மா சொன்னதுதான் சரி என்று முடிவுக்கு வந்துவிட்டேன். கொடுக்கத்தான் போகிறேன். அவர்கள் பொருளை, அவர்கள் கொடுத்தபடி.

பிஸ்கட் டப்பாவை இறக்கி வைத்திருக்கிறேன் அக்கா. நான் வாங்கிப் போட்டதையெல்லாம் கழற்றிக்கொண்டு, அவர்களுடைய பழைய ராம், பழைய டிஸ்க், செத்த பேட்டரி எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைக்கப் போகிறேன். அந்த டிஸ்கில் நான் கையே வைக்கவில்லை. அவர்களுடைய வைரஸ், திறந்தவுடன் வந்து குந்துகிற பத்துப் பதினைந்து சாப்ட்வேர், எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன்.

போன ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில் அதே கம்பெனி மெஷின் ஒன்று கிடந்தது. திரை உடைந்தது, உள்ளே டிஸ்க் இல்லை, ஆனால் மூச்சு இருக்கிறது. வாங்கி வந்துவிட்டேன். என் சாமானெல்லாம் அதற்குள் போகும். திரைக்குப் பிரவுசிங் சென்டரில் ஒதுக்கிய பழைய மானிட்டரைக் கேட்டிருக்கிறேன். கீபோர்டு மட்டும் இங்கிலீஷ்காரனுடையது. சென்டரில் அதே மாதிரி கீபோர்டில் பழகிப் பார்க்கிறேன், என் விரல் ரெண்டு நாளாக A-க்குப் பதில் Q-வாக அடித்துத் தள்ளுகிறது, கோடு போட்ட எழுத்துக்கு நாலு பட்டன் அமுக்க வேண்டும். அடிக்கிறேன். அழுதுகொண்டே அடிக்கிறேன், ஆனால் அடிக்கிறேன்.

துர்கா


காரைக்கால்
26.4.2008

துர்கா,

எல்லாரும் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் படபடப்பு.

நீ செய்யப்போவது சரி என்று என் வாயால் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சித்திக்கு ஒன்று என்றால் கொள்ளி வைக்க அண்ணன்காரன்தான் வர வேண்டும், அதையும் யோசி. அந்தப் பையனும் பாவம்.

யோசித்துவிட்டாயா? சரி. டேப் ஒட்டும்போது கோணலாக ஒட்டு. நேராக ஒட்டினால் புதிது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாக்கியம்


முத்தியால்பேட்டை
18.5.2008

பிரியமுள்ள அண்ணிக்கு,

துர்காவின் வணக்கம். கத்திரி வெயில் கொளுத்துகிறது, அம்மா மோராகக் குடித்துச் சமாளிக்கிறாள். அங்கே இப்போது பூ பூக்கிற காலமாமே, படத்தில் பார்த்தேன். நன்றாக இருங்கள்.

நேற்று அஜித் தம்பி வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார். காபி கொடுத்தேன், முறுக்கும் கொடுத்தேன். நல்ல பிள்ளை, கறுப்பு டேப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்தது எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை அண்ணி. எப்போது கேட்டாலும் கொடுத்தது கொடுத்தபடி இருக்க வேண்டும் என்றீர்கள். அப்படியே இருக்கிறது. இராமதாஸ் எங்கள் வாசலில் இறக்கியபோது என்னென்ன இருந்ததோ, அவ்வளவும் இருக்கிறது, ஒரு ஸ்க்ரூ குறையாது. தூசியை மட்டும் திருப்பித் தர முடியவில்லை, அன்றைக்கே பெருக்கித் தள்ளிவிட்டேன். அதற்கு மன்னிக்க வேண்டும். பிஸ்கட் டப்பாவையும் கழுவிக் கொடுத்தனுப்பினேன்.

என்றும் உங்கள்
துர்கா


பாரீஸ் புறநகர்
29.6.2008

அன்புத் தங்கை துர்காவுக்கு,

அண்ணன் கோபிநாத் எழுதுவது. நலம். அம்மா எப்படி இருக்கிறாள்? நான் எழுதி எவ்வளவோ நாளாகிறது, கையெழுத்தே எனக்குப் புதிதாகத் தெரிகிறது.

உன் அண்ணி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அஜித் அந்த லேப்டாப்பைக் காலேஜில் நண்பர்கள் முன்னால் திறந்தானாம். திறந்தது திறந்தபடி நின்றதாம். பையன்கள் ஒருவருக்கொருவர் டீ வாங்கி வந்து குடித்துவிட்டு, "மச்சான், இன்னும் வரலையாடா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவன் போனில் அழுதான். உள்ளே எல்லாம் பழைய சாமான் என்று கடைக்காரர் பார்த்ததும் சொல்லிவிட்டார், புதிதாகப் போட்டதையெல்லாம் நீ கழற்றிக்கொண்டிருக்கிறாய்.

ஒரு பழைய பெட்டிக்கு இவ்வளவு வீம்பா துர்கா? நம் வீட்டில் யாருக்கும் இந்தப் பழி வாங்குகிற புத்தி கிடையாது. எனக்கு மாமனார் வீட்டில் தலை காட்ட முடியவில்லை. உனக்கு ஒன்று வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்டிருக்கலாமே, புதிதாகவே வாங்கி அனுப்பியிருப்பேன். என்றைக்காவது என்னிடம் ஏதாவது கேட்டிருக்கிறாயா நீ? கேட்டு நான் இல்லை என்று சொல்லியிருக்கிறேனா?

அண்ணிக்கு இரண்டு வரி மன்னிப்பு எழுதிவிடு. இத்தோடு முடியட்டும்.

உன் அண்ணன்
கோபிநாத்


முத்தியால்பேட்டை
27.7.2008

அண்ணனுக்கு,

துர்கா எழுதுவது. அம்மா சுகம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே இருப்பதை நான் படித்துக் காட்டவில்லை, "எல்லாரும் நல்லா இருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டேன்.

மன்னிப்பு எழுத மாட்டேன். அண்ணி கேட்டது கேட்டபடி நடந்தவள் நான். அஜித்தைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் இன்னும் நன்றாக இருந்தது.

போன வாரம் அஜித் எங்கள் வாசலில் வந்து நின்றான். கையில் அதே டேப் போட்ட மெஷின். எங்கே கொண்டுபோனாலும் முத்தியால்பேட்டையில் பழைய லேப்டாப்பை ஓட வைக்க ஒரு அக்கா இருக்கிறார் என்று என்னிடமே அனுப்புகிறார்களாம். "அக்கா, நீங்களே செஞ்சு குடுத்துடுங்கக்கா, இதுல A எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியல" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. மெஷினை வாங்கி அலமாரியில் வைத்தேன். "எப்பக்கா வரட்டும்?" என்று கேட்டான். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அண்ணா, அதைச் சொல்லும்போது வாய் எப்படித் தித்தித்தது தெரியுமா? நீங்கள் ஏன் அதை அத்தனை தரம் சொன்னீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

என்றைக்காவது கேட்டிருக்கிறாயா என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டேன் அண்ணா. 2001 ஜூனில், நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அட்மிஷன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "சேரட்டுமாண்ணா?" என்று கேட்டேன். நீங்கள் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த வருஷமும் கேட்டேன், அதற்கடுத்த வருஷம் போனில் கேட்டேன். உங்களுக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கொதித்தேன். மறந்தே போய்விட்டீர்கள் என்பது அதைவிடக் கொதிக்கிறது.

காலாப்பட்டில் இடம் கிடைத்துவிட்டது. பீஸ் கட்டியாயிற்று, சந்தையில் வாங்கிய மெஷின்தான் கட்டியது. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லாம் கல்லூரி முடித்த கையோடு வந்த சின்னப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் மேடம் வந்துவிட்டார்கள் என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. நான் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அண்ணி கேட்டார், கொடுத்தது கொடுத்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டு போனபோது இந்த வீட்டில் இருபத்தொரு வயசில் ஒரு துர்கா இருந்தாள். அவளை எடுத்தது எடுத்தபடி திருப்பி அனுப்புங்கள். வந்து சேர்ந்த அன்றைக்கு அஜித்தின் மெஷினைக் கையில் எடுக்கிறேன்.

உங்கள் தங்கை
துர்கா